குதிரையை வீழ்த்தினாரா டாக்டர் பெடல்-சிவ்ரைட்?

கேள்வி இது: "அந்தக் காலத்து ஸ்காட்லாந்து ரக்பி அணியில் ஆடிய ஒரு டாக்டர், எடின்பரோ தெருவில் ஓடிய வண்டிக் குதிரையைப் பாய்ந்து பிடித்துக் கீழே தள்ளினார் என்று படித்தேன். நிஜமாகவே அப்படி ஒருவர் இருந்தாரா? டாக்டராக அவர் என்ன செய்தார்?"

ஆள் நிஜம். குதிரைக்குத்தான் சாட்சி இல்லை.

பெயர் டேவிட் ரெவெல் பெடல்-சிவ்ரைட். 1880 டிசம்பர் 8ஆம் தேதி எடின்பரோவில் பிறந்தவர். ஸ்காட்லாந்துக்காக 22 ஆட்டங்கள் ஆடினார். இரண்டு முறை கடல் கடந்து விளையாடப் போனார், அதில் ஒரு முறை அணித்தலைவராக. கடைசியில் கடற்படை டாக்டர். முப்பத்து நான்கு வயதில் எல்லாம் முடிந்துவிட்டது. பதிவில் இவ்வளவு இருந்தும், இவர் பெயரை எடுத்தாலே குதிரைதான் முந்திக்கொண்டு ஓடிவருகிறது.

எடின்பரோவில் இவரைப் பற்றி இரண்டு கதைகள் உண்டு. ஒரு சர்வதேச ஆட்டம் முடிந்த இரவில், நன்றாகக் குடித்துவிட்டு டிராம் தண்டவாளத்தில் போய்ப் படுத்துக்கொண்டாராம். ஒரு மணி நேரம் டிராம்கள் நகரவில்லை. எழுப்பப் போக ஒரு போலீஸ்காரருக்கும் துணிச்சல் வரவில்லை. மற்றது பிரின்ஸஸ் ஸ்ட்ரீட்டில் மிரண்டு ஓடிய வண்டிக் குதிரையை ரக்பி பாணியில் டேக்கிள் செய்த கதை. இரண்டுமே "சொல்வார்கள்" வகைதான். என்னைக் கேட்டால், டிராம் கதையை நம்பலாம். அதற்குக் குடியும் பிடிவாதமும் போதும். பார வண்டி இழுக்கும் குதிரை முக்கால் டன் இருக்கும், அதை மனிதன் தோளால் இடித்துச் சாய்ப்பது வேறு சங்கதி. ஆனாலும் ஊர் நம்பியது. குத்துச்சண்டையில் ஸ்காட்லாந்து அமெச்சூர் சாம்பியனாகவும் இருந்தவர் என்றால் நம்பாமல் என்ன செய்வார்கள்?

இவருக்கு 'டார்க்கி' என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. இன்று யாரும் வைக்கத் துணியாத பெயர். கண்ணைச் சுற்றி இருந்த கருவளையத்தால் வந்தது என்பார்கள் சிலர். ஆட்டத்தில் இருந்த இரக்கமின்மையால் வந்தது என்பார்கள் வேறு சிலர்.

அந்த இரக்கமின்மை புரிய வேண்டுமானால் அன்றைய ஸ்காட்லாந்து ரக்பி எப்படி இருந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது நாம் பார்க்கும் ரக்பியில் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அன்று ஸ்காட்லாந்து முன்வரிசைக்காரர்களின் ஆயுதம் கால். ஸ்க்ரம், அதாவது இரண்டு அணி முன்வரிசைக்காரர்களும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் கட்டம், கலைந்ததும் எட்டுப் பேரும் ஒரு கூட்டமாகப் பந்தைக் காலால் தள்ளிக்கொண்டே எதிரணி எல்லை வரை பாய்வார்கள். கூட்டமும் 'கால், ஸ்காட்லாந்து, கால்' என்று கத்தும். இதை நிறுத்த ஒரே வழி, தடுக்கிறவன் பந்தின் மேல் விழுந்து படுப்பதுதான். எட்டு ஜோடி பூட்ஸ் வந்துகொண்டிருக்கும்போது அதன் எதிரே போய் விழ வேண்டும். பெடல்-சிவ்ரைட் சொன்னதாக ஒரு வாசகம் உண்டு: மைதானத்தில் இறங்கினால் எனக்குப் பந்து மட்டும்தான் தெரியும், அது போகும் இடத்துக்கு நானும் போவேன், வழியில் யாராவது இருந்தால் அது அவர் பாடு. இன்றைய ஆட்டத்தை வைத்துப் படித்தால் வெறும் திமிராகத் தோன்றும். தன் வேலையை விவரித்தார் என்றுதான் எனக்குப் படுகிறது.

படித்தது எடின்பரோவின் ஃபெட்டஸ் கல்லூரியில். பெயர்தான் கல்லூரி, அது பள்ளிக்கூடம். ரக்பி அங்கேதான் பழகினார். அப்புறம் கேம்பிரிட்ஜ். அங்கே 1899 முதல் 1902 வரை நான்கு ஆண்டும் ஆக்ஸ்ஃபோர்டுக்கு எதிரான ஆட்டத்தில் இடம்பிடித்தார். அதற்குள்ளேயே, 1900 ஜனவரியில், வேல்ஸுக்கு எதிராக ஸ்காட்லாந்து அணியில் எடுத்துவிட்டார்கள். இருபது வயது நிரம்பவில்லை. அந்த ஆட்டத்தில் தோல்விதான். இவருடைய தம்பி ஜானும் 1902இல் ஒரே ஒரு ஆட்டம் ஸ்காட்லாந்துக்காக ஆடினார்.

22 ஆட்டம் என்பது இன்றைய கணக்கில் ஒன்றுமில்லை. இரண்டு வருடத்தில் ஒருவர் ஆடிவிடுவார். அன்று வேல்ஸ், அயர்லாந்து, இங்கிலாந்து ஆகிய மூன்று நாடுகளோடு ஆண்டுக்கு ஒவ்வோர் ஆட்டம், அவ்வளவுதான். மூன்றையும் ஒரே பருவத்தில் தோற்கடித்தால் 'டிரிபிள் கிரவுன்' என்பார்கள். ஸ்காட்லாந்து 1901, 1903, 1907 ஆகிய ஆண்டுகளில் அதை எடுத்தது. மூன்றிலும் ஆடிய ஒரே ஸ்காட்லாந்துக்காரர் பெடல்-சிவ்ரைட். நடுவில் 1902 இருக்கிறதே, அந்த ஆண்டு மூன்று ஆட்டத்திலும் தோல்வி! உச்சிக்கும் பாதாளத்துக்கும் பன்னிரண்டே மாதம்தான் இடைவெளி.

இடையில் ஒரு சின்ன விஷயம். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதும் ஆட்டத்துக்குக் கோப்பை கல்கத்தா கோப்பை. நம் ஊர் வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்தது. கல்கத்தாவில் இருந்த வெள்ளைக்காரர்களின் ரக்பி கிளப்பைக் கலைத்தபோது வங்கியில் மிஞ்சிய பணம் அது. கைப்பிடிகள் நாகப்பாம்பு, மூடி மேல் யானை. பெடல்-சிவ்ரைட் காலத்து ஸ்காட்லாந்து அந்த யானையைப் பலமுறை வீட்டுக்குக் கொண்டுபோனது.

சரி, பயணங்கள். 1903இல் பிரிட்டிஷ் தீவுகளின் கூட்டு அணி தென்னாப்பிரிக்கா போனது. இன்று லயன்ஸ் என்கிறோமே, அதன் முன்னோடி. பெடல்-சிவ்ரைட் முதல் பன்னிரண்டு ஆட்டங்களை ஆடிவிட்டு அடிபட்டு உட்கார்ந்தார். டெஸ்ட், அதாவது அந்த நாட்டு அணியோடு ஆடும் ஆட்டம், ஒன்றில்கூட இறங்க முடியவில்லை. அந்தத் தொடரில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. ஜோஹன்னஸ்பர்க்கில் நடந்த முதல் டெஸ்ட்டில் பிரிட்டிஷ் அணித்தலைவர் மார்க் மாரிசன், ஸ்காட்லாந்துக்காரர். தென்னாப்பிரிக்க அணித்தலைவர் அலெக்ஸ் ஃப்ரூ, அவரும் ஸ்காட்லாந்துக்காரர். 1901இல் இதே பெடல்-சிவ்ரைட்டோடு டிரிபிள் கிரவுன் வென்ற அணியில் ஆடி, பிறகு தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டாக்டர். நடுவரும் பழைய ஸ்காட்லாந்து வீரர்தான். ஆட்டம் 10-10 என்று சமனில் முடிந்ததில் ஆச்சரியம் என்ன!

அடுத்த ஆண்டு, 1904இல், ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போன அணிக்கு இவரே தலைவர். அந்த அணியில் ஸ்காட்லாந்துக்காக ஆடியவர் இவர் ஒருவர்தான். பின்வரிசையில் வேல்ஸ்காரர்கள் ஜொலித்தார்கள்: பெர்சி புஷ், ரைஸ் கேப், வில்லி லூவெலின், டெடி மார்கன். ஆஸ்திரேலியாவில் ஆடிய பதினான்கு ஆட்டங்களிலும் வெற்றி. மூன்று டெஸ்டுகள் 17-0, 17-3, 16-0.

ஆனால் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஸ்கோரைப் பேசுவதில்லை, நியூகாசில் சம்பவத்தைப் பேசுவார்கள். நியூ சவுத் வேல்ஸின் நியூகாசிலில் வடக்கு மாவட்ட அணியோடு ஆட்டம். நடுவர் ஹாரி டோலன், பிரிட்டிஷ் வீரர் டெனிஸ் டாப்சன் தன்னைப் பார்த்துத் தகாத வார்த்தை சொன்னார் என்று வெளியே அனுப்பினார். டாப்சன் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்றார்கள் அணியினர். பெடல்-சிவ்ரைட் வாதாடிப் பார்த்தார், பலிக்கவில்லை. உடனே முழு அணியையும் கூட்டிக்கொண்டு மைதானத்தை விட்டு வெளியேறினார். கூட்டம் ஊளையிட்டது. இருபது நிமிடம் போல ஆட்டம் நின்றது. பிறகு டாப்சன் இல்லாமலேயே திரும்பி வந்து ஆடி ஜெயித்தார்கள்.

குதிரைக் கதையை விட இந்த இருபது நிமிடம் அவரைப் பற்றி அதிகம் சொல்கிறது என்பேன். தன் ஆளைக் கெட்ட வார்த்தை பேசியவன் என்று சொன்னதை அவரால் பொறுக்க முடியவில்லை. அதே நேரம் ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போகவும் மனம் வரவில்லை. தலைவராக அவர் செய்தது சரியா? நடுவர் தப்பே செய்திருந்தாலும் அணியைக் கூட்டிக்கொண்டு போனது தவறு என்பதுதான் என் கருத்து. அன்றைய ஆஸ்திரேலியப் பத்திரிகைகளும் அவரைச் சும்மா விடவில்லை. டாப்சனின் முடிவையும் சொல்லிவிடுகிறேன், கேட்டால் நம்பமாட்டீர்கள்: 1916இல் ஆப்பிரிக்காவின் நியாசாலாந்தில் ஒரு காண்டாமிருகம் முட்டி இறந்தார். இது கதை இல்லை, பதிவில் உள்ளது.

டெஸ்ட் ராசி பெடல்-சிவ்ரைட்டுக்கு இந்த முறையும் இல்லை. ஆஸ்திரேலியாவில் முதல் டெஸ்ட் மட்டும் ஆடினார். நியூசிலாந்தில் இறங்கிய முதல் ஆட்டத்திலேயே கால் முறிந்தது. தலைமை டெடி மார்கனிடம் போனது, அவரும் மருத்துவம் படித்தவர்தான். வெலிங்டன் டெஸ்ட்டில் நியூசிலாந்து 9-3 என்று வென்றது. இரண்டு நீண்ட பயணங்கள் போய்வந்தவர் மொத்தம் ஆடியது ஒரே ஒரு டெஸ்ட். லயன்ஸ் தலைவர்கள் பட்டியலில் இவர் பெயரைப் பார்க்கிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

பயணம் முடிந்ததும் எல்லோரும் கப்பலேற, இவர் ஆஸ்திரேலியாவிலேயே தங்கிவிட்டார். கால்நடைப் பண்ணையில் வேலை. ஓராண்டு போல அங்கே இருந்தார். பிறகு அது அலுத்துப்போய் எடின்பரோ திரும்பி மருத்துவம் படிக்கச் சேர்ந்தார்.

இங்கேதான் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி வருகிறது. ரக்பி ஆடிய டாக்டர் என்பது அன்றைய ஸ்காட்லாந்தில் விசேஷமே இல்லை. எடின்பரோ பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி உலகப் புகழ்பெற்றது. ரக்பியில் சம்பளம் கிடையாது, ஆடுகிறவனுக்கு வேறு பிழைப்பு வேண்டும். பள்ளியில் ரக்பி கற்ற நடுத்தர, வசதியான வீட்டுப் பிள்ளைகள் மருத்துவமோ சட்டமோ படிக்கப் போனார்கள், ஆட்டமும் கூடவே போனது. 1871 மார்ச் 27ஆம் தேதி எடின்பரோ ரேபர்ன் பிளேஸில் உலகின் முதல் சர்வதேச ரக்பி ஆட்டம் நடந்ததே, அணிக்கு இருபது பேர் வைத்து, அதில் ஸ்காட்லாந்துக்காக ஆடிய ராபர்ட் இர்வின் என்ற பையனுக்குப் பதினேழு வயது. 'புல்டாக்' என்று பெயர். 1880 வரை இங்கிலாந்துக்கு எதிரான ஓர் ஆட்டத்தையும் விடாமல் ஆடி, அணிக்குத் தலைமையும் ஏற்று, டாக்டராகி பிட்லாக்ரி என்ற மலையூரில் வைத்தியம் பார்த்தார். பெடல்-சிவ்ரைட் அந்த வரிசையில் வந்தவர். ஒரே வித்தியாசம், இர்வினுக்கு ஒரு மலையூர் கிடைத்தது, இவருக்குக் கிடைத்தது முதல் உலகப் போர்.

போருக்கு முன் ஆட்டத்தில் இரண்டு பெரிய நாட்கள். 1905 நவம்பர் 18, இன்வர்லீத் மைதானம், எதிரே நியூசிலாந்து. அதுவரை பிரிட்டனில் யாராலும் அசைக்க முடியாத அணி. ஸ்காட்லாந்துத் தலைவர் பெடல்-சிவ்ரைட். தரை உறைபனியில் இறுகிக் கிடந்தது. ஸ்காட்லாந்து ரக்பி சங்கத்தின் சாமர்த்தியத்தையும் சொல்ல வேண்டும்: நியூசிலாந்துக்கு ஒரு குறிப்பிட்ட தொகையை உறுதியளிக்க மறுத்து, டிக்கெட் வசூலை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கூட்டம் அலைமோத, கஞ்சத்தனம் செய்தவர்களுக்கே நஷ்டம். ஆட்டத்தில் கடைசி சில நிமிடங்கள் வரை ஸ்காட்லாந்து 7-6 என்று முன்னே இருந்தது. அப்போது ஜார்ஜ் ஸ்மித் ஓரத்தில் ஓடிப்போய், எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்து ஒரு ட்ரை எடுத்தார். இன்னொன்றும் சேர்ந்து 12-7 என்று முடிந்தது. நியூசிலாந்துத் தலைவர் டேவ் கல்லகர் அந்த ஆட்டத்தில் காலில் வாங்கிய உதையால் அடுத்த அயர்லாந்து டெஸ்ட்டில் ஆட முடியவில்லை. அன்று டாஸ் போட்ட இரண்டு தலைவர்களும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் போரில் போய்விட்டார்கள். கல்லகர் 1917 அக்டோபரில் பாஷன்டேல் சண்டையில் இறந்தார்.

மறு ஆண்டு 1906 நவம்பரில், கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில் தென்னாப்பிரிக்காவை ஸ்காட்லாந்து 6-0 என்று தோற்கடித்தது. அந்த முன்வரிசையிலும் இவர் இருந்தார். தோற்ற நாளை இவ்வளவு நீட்டிவிட்டு ஜெயித்த நாளை ஒரு வரியில் முடிக்கிறேன் என்று கோபப்படாதீர்கள், ரக்பி பார்க்கிறவர்கள் மனம் அப்படித்தான். 1908இல் சர்வதேச ஆட்டத்தை விட்டார்.

டாக்டராக அவர் பெயர் வரலாற்றில் நிற்பது 1915ஆம் ஆண்டின் சில மாதங்களில்தான். அந்த ஜனவரியில் கடற்படையில் சர்ஜனாகச் சேர்ந்தார். முதலில் இங்கிலாந்துத் தென்கரையில் ஹாஸ்லார் கடற்படை மருத்துவமனை, பிறகு துருக்கியில் இருக்கும் கலிப்போலி போர்முனை. கடற்படை டாக்டருக்குப் பதுங்குகுழியில் என்ன வேலை என்று கேட்கலாம். கப்பலில் இடமில்லாத அளவுக்குக் கடற்படையிடம் ஆட்கள் மிஞ்சியதால் அவர்களைத் தரையில் சண்டை போடும் ஒரு படையாக மாற்றியிருந்தார்கள். அந்த ராயல் நேவல் டிவிஷன் கலிப்போலியில் இறங்கியபோது அதன் டாக்டர்களும் கூடவே இறங்கினார்கள்.

அங்கிருந்து அவர் எழுதிய ஒரு கடிதத்தில் டாக்டராக இருப்பதை நினைத்தே எரிச்சல்படுகிறார். ஜாம் டப்பா குண்டுகள் கொஞ்சமும் எதிரே நாலைந்து துருக்கியர்களும் கிடைத்தால் பத்து மடங்கு பயன்படுவேன், இங்கே நான் பட்டம் வாங்கிய மாட்டு வைத்தியன் மாதிரி இருக்கிறேன் என்ற பொருளில். ஜாம் டப்பா குண்டு என்பது கேலிப் பேச்சு அல்ல. கையெறி குண்டுகள் போதாமல், காலி டப்பாவில் வெடிமருந்தும் இரும்புத் துண்டும் அடைத்துத் திரி வைத்து அங்கேயே செய்துகொண்டார்கள். மருத்துவனுக்கு இப்படி ஓர் ஆசை வரலாமா என்று முகம் சுளிக்கலாம். எனக்கு அதில் அதே முன்வரிசைக்காரர்தான் தெரிகிறார். அடிபட்டவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், கையில் மருந்து கொஞ்சம், செய்ய முடிந்தது கொஞ்சம். பந்து எங்கேயோ போகிறது, இவரால் அதன் பின்னால் போக முடியவில்லை.

கலிப்போலியில் குண்டுக்கு நிகராக நோயும் ஆட்களைத் தின்றது. வெயில், புதைக்க முடியாத பிணங்கள், ஈக்கூட்டம், வயிற்றுப்போக்கு. சண்டை முனைக்கு அருகே காயத்துக்குக் கட்டுப் போடும் முன்னணி நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது ஏதோ ஒரு பூச்சி அவரைக் கடித்தது. என்ன பூச்சி என்று யாரும் பார்க்கவில்லை. அசதியாக இருக்கிறது என்றார். மருத்துவக் கப்பலான டன்லூஸ் கேசிலுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டே நாள். 1915 செப்டம்பர் 5ஆம் தேதி ரத்தத்தில் நஞ்சேறி இறந்தார். ஹெலஸ் முனைக்கு அப்பால் கடலிலேயே அடக்கம் செய்தார்கள்.

இன்று இது ஆன்டிபயாட்டிக் ஊசியில் பெரும்பாலும் தீர்ந்துவிடக்கூடிய சங்கதி. அதே 1915இல் பிரான்ஸின் போலோன் நகரில், ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்த இன்னொரு ஸ்காட்லாந்து டாக்டர், சீழ் பிடித்த காயங்களில் என்ன கிருமி இருக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். பெயர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். பென்சிலினை அவர் கவனித்தது 1928இல்.

1904 பயணத்தில் இவரோடு ஆடிய பிளேர் ஸ்வானல் ஆஸ்திரேலியாவிலேயே குடியேறி, ஆஸ்திரேலியப் படையோடு இதே கலிப்போலியில் ஏப்ரல் 25ஆம் தேதி, தரையிறங்கிய முதல் நாளே சுடப்பட்டு இறந்திருந்தார். ரக்பி ஆடிய டாக்டர் என்றால் ஜேம்ஸ் ஹக்கனையும் விடக் கூடாது. 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே ஓர் ஆட்டம் ஆடியவர். ஆறு மாதத்தில், செப்டம்பரில், பிரான்ஸின் 'ஏன்' (Aisne) என்ற ஆற்றின் கரையில் நடந்த சண்டையில் இறந்தார். அதற்குச் சில நாட்கள் முன்பு, தீப்பிடித்த கொட்டகையில் கிடந்த காயம்பட்ட ஜெர்மானியர்களை வெளியே கொண்டுவர ஆட்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே போயிருந்தார். ஹக்கனுக்கு எந்தக் குதிரைக் கதையும் இல்லை, அதனால் யாரும் அவரைப் பற்றிக் கேட்பதும் இல்லை.

பெடல்-சிவ்ரைட்டை 2013இல் சர்வதேச ரக்பி வாரியம் தன் புகழ் மண்டபத்தில் சேர்த்தது. கல்லறை கிடையாது. எப்போதாவது போர்ட்ஸ்மவுத் பக்கம் போனால், சவுத்சீ கடற்கரையில் கல்லறை இல்லாத கடற்படையினருக்காக எழுப்பிய பெரிய நினைவுத் தூண் இருக்கிறது. அதில் 1915ஆம் ஆண்டுப் பெயர்களில் பாருங்கள். சிவ்ரைட் என்று தேடினால் கிடைக்காது, பெடல் என்று தேட வேண்டும்.